பழைய வீடுகளைக் காக்கப் பட்டியல் போட்டால் போதுமா?

கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஒழுங்கையின் அடையாளத்தையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் பிறந்து வளர்ந்த ஒழுங்கையில் நாற்பது வீடுகள் வரை இருக்கின்றன. அவற்றில் சில, தூண் வைத்த முன் விறாந்தையோடு நிற்பவை. பெரிய வளவு வீடு ஒன்று பிற்காலத்தில் ஐந்து குடும்பங்களுக்குப் பிரிந்து போயிருக்கிறது. இயங்காமல் கிடக்கும் ஓர் அச்சுக்கூடம், சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில், கோயிலுக்குப் பின்னால் பொதுக்கிணறு ஆகியவையும் உண்டு. அண்மையில் இரண்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு இப்போது விலை பேசப்படுகிறது. பதறிப்போன கோயில் இளைஞர்கள் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, "இதைத் தொல்பொருள் திணைக்களத்திடம் கொடுத்து வர்த்தமானியில் போட வைத்தால் ஒருவரும் கைவைக்க முடியாது" என்று புறப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருக்கும் உறவினர் ஒருவர் அங்கே பயன்படும் கணக்கெடுப்புப் படிவத்தையும் அனுப்பியிருக்கிறார். ஆனால் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் கேற்றைத் திறக்கவே இல்லை. "பேரைக் கொடுத்தால் காணி போய்விடும்" என்கிறார்கள். இதற்கிடையில் கோயில் வளவில் கான் வெட்டியபோது ஒல்லாந்தக் கம்பனி முத்திரை பதித்த செப்புக் காசுகளும் நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகளும் வந்திருக்கின்றன. காசுகள் ஒரு பையனின் வீட்டில் இருக்கின்றன. இன்னும் தோண்டினால் ஒழுங்கை ஒல்லாந்தர் காலத்தது என்று நிரூபித்துவிடலாம் என்பது பிள்ளைகளின் எண்ணம்.

"நாங்கள் செய்வது சரிதானா? காணிக்காரர்களின் பயத்துக்கு என்ன பதில் சொல்வது? தோண்டலாமா?" இவையே அவருடைய கேள்விகள்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தோடு வந்த பன்னிரண்டு வீட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பிள்ளைகளின் அக்கறை எனக்குப் பெரிய சந்தோஷம். நகரத் திட்டமிடலை அதிகாரிகளின் வேலை என்று ஒதுக்கிவிடாமல் ஓர் ஒழுங்கை தானே எழுந்து நிற்பது கொழும்பில் அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை இப்போதே எங்கேயும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகள் எழுதியிருப்பது கல்யாண வீட்டுக்கு யாரை அழைப்பது என்ற பட்டியல். உங்களுக்குத் தேவை குடிசன மதிப்பீடு. எது முக்கியம் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் எவையெல்லாம் இருக்கின்றன என்று ஒன்றுவிடாமல் பதிய வேண்டும். ஏன் பதிந்தோம், எப்படிப் பதிந்தோம், எதைப் பார்க்க முடியாமல் போனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், நாளைக்கு ஓர் அதிகாரியோ கட்டடக் கம்பனியின் சட்டத்தரணியோ "இந்தப் பன்னிரண்டு ஏன்? பக்கத்து வீடு ஏன் இல்லை?" என்று கேட்கும்போது உங்களிடம் விடை இருக்காது. நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டோம் என்றாகிவிடும்.

நாற்பதையும் பதியுங்கள்

இந்த வேலையில் இரண்டு நிலைகள் உண்டு. முதலாவது மேலோட்டப் பார்வை. தெருவிலிருந்தே ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்து, ஒரு படம் எடுத்து, ஐந்தாறு வரி எழுதுவது. அமெரிக்காவில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே இதைச் செய்வார்கள். உங்கள் ஒழுங்கைக்குக் கால்தான் நல்லது. இரண்டாவது ஆழ்ந்த பதிவு. வீட்டுக்குள் போய் அளந்து, வரைந்து, காணி உறுதியும் பழைய பிளேனும் பார்த்து, வயதானவர்களிடம் கதை கேட்டு எழுதுவது. முதலாவதை நாற்பது வீட்டுக்கும் செய்துவிட்டு, அதில் தெரியவருவதைக் கொண்டு இரண்டாவதற்கு எவை என்று தீர்மானியுங்கள். பிள்ளைகள் நேரே இரண்டாவதில் குதித்துவிட்டதால்தான் கேற்றுகள் மூடிக்கொண்டன.

ஒவ்வொரு வீட்டுக்கும் அடையாளமாக மாநகர சபை வரிக்காகக் கொடுக்கும் அசஸ்மென்ட் நம்பரை வையுங்கள். "சேரின் வீடு", "மாமரத்து வீடு" என்று எழுதினால் பத்து வருடத்தில் யாருக்கும் விளங்காது. ஒரே வளவு பல நம்பராகப் பிரிந்திருந்தால் எல்லா நம்பரையும் எழுதுங்கள். படத்தில் திகதி இருக்கட்டும். முகப்பை மட்டும் எடுக்காமல், பக்கச் சுவரும் கூரையும் தெரிகிற மாதிரி மூலையிலிருந்தும் ஒன்று எடுங்கள்.

கட்டடத்தின் வயதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் ஏழு வீடுகளுக்கு நேரே "ஒல்லாந்தர் காலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். விறாந்தையில் தூண் நின்றாலே ஒல்லாந்தர் வீடு என்று சொல்லும் வழக்கம் கொழும்பில் எல்லோரிடமும் உண்டு. ஒல்லாந்தர் இங்கே ஆண்டது 1656 தொடக்கம் 1796 வரை. அந்தக் காலத்தை உறுதியாகச் சொல்லக்கூடிய கட்டடங்கள் நகரத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. உங்களுக்குக் கிட்டவே, 1749இல் தொடங்கி 1757இல் திறக்கப்பட்ட வொல்வெண்டால் தேவாலயம் அவற்றில் ஒன்று. பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போய் அதன் சுவர்த் தடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஒழுங்கையின் தூண் வீடுகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தவையாகவே இருக்கும். கபுக் என்னும் செம்மண் கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்து வயது சொல்ல முடியாது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு முன் வரை அதே கல்லில்தான் கட்டியிருக்கிறார்கள். கூரை கொஞ்சம் உதவும். கலிகட் ஓடு என்று நாம் சொல்லும் தட்டை ஓட்டை மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை 1865இல்தான் செய்யத் தொடங்கியது. ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். ஆகவே அந்தக் கூரை 1865க்குப் பிந்தியது. ஆனால் சுவர் அதற்கும் பழையதாக இருக்கலாம், அரைவட்ட ஓட்டை இறக்கிவிட்டுப் பின்னாளில் இதைப் போட்டிருக்கலாம். எனவே "கூரை 1865க்குப் பிந்தியது, சுவரின் காலம் உறுதியில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதிய பதிவைப் படிக்கிற நிபுணருக்கு மற்ற வரிகளிலும் நம்பிக்கை வரும்.

வீடு ஒல்லாந்தர் காலத்ததாக இல்லாமல் போனால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1875இல் துறைமுகத்து அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்ததற்குப் பிறகு கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் தலைகீழாக மாறின. பெரிய வீட்டுக்காரர்கள் மெல்ல மெல்லக் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் நகர்ந்தார்கள். அவர்கள் விட்ட வளவுகளில் துறைமுகத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் குடியேறினார்கள். வளவுக்குப் பின்னால் முடுக்குகளும் லைன் வீடுகளும் முளைத்தன. ஐந்து குடும்பமாகப் பிரிந்த அந்த வளவு வீட்டைப் பிள்ளைகள் "கெட்டுப்போய்விட்டது" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கண்ணுக்கு ஒழுங்கையிலேயே அதிகம் பேசக்கூடிய கட்டடம் அதுதான். நகரம் எப்படி மாறியது என்பதைத் தன் சுவர்களிலேயே வைத்திருக்கிறது. பின்னால் இருக்கும் லைன் அறைகளையும் பொதுக் குழாயையும் கட்டாயம் பதியுங்கள்.

கோயிலைப் பதியும்போது கட்டடத்தோடு நின்றுவிடாமல் தேர் எந்த வழியாகப் போகிறது, எந்த முனையில் திரும்புகிறது, எந்த வாசல்களில் மண்டகப்படி வைக்கிறார்கள் என்பதையும் வரையுங்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் ஆடிவேலைக் கொழும்பில் அறியாதவர் இல்லை. அந்த விழாவுக்குக் கோயில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தெருவும் வேண்டும். உங்கள் பிள்ளையாருக்கும் அப்படித்தான். ஒரு முனையில் மதில் முன்னுக்கு வந்துவிட்டால் தேர் திரும்பாது. கட்டட அனுமதிக்கு எதிராக ஒருநாள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டி வந்தால், அளவு குறித்த அந்த ஒரு வரைபடம் பத்துப் பக்க மனுவைவிடப் பெரிய சாட்சியாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் படிவங்களில் கட்டடம் எவ்வளவு தூரம் ஆதிநிலையில் இருக்கிறது என்று கேட்கும் ஒரு பகுதி இருக்கும். முகப்பை மாற்றியிருந்தால் மதிப்புக் குறையும். உங்கள் கடிதத்தில் மூன்று வீடுகளைக் குறிப்பிட்டு "83க்குப் பிறகு திரும்பக் கட்டியது, பழசு இல்லை" என்று கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடிக்காதீர்கள், டீச்சர். 1983 ஜூலையில் எரிந்து, திரும்பி வந்த குடும்பங்கள் அதே அத்திவாரத்தில் சீமெந்துக் கல்லால் எழுப்பிய வீடுகள் அவை. பின்சுவரில் இன்னும் பழைய கபுக் இருக்கக்கூடும். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மாற்றம் ஒழுங்கையின் வரலாற்றில் ஒரு பக்கம். எரிந்த பிறகு யாரும் திரும்பாமல் வெறுங்காணியாய்க் கிடக்கும் துண்டும் அப்படியே. அதற்கும் ஒரு படிவம் நிரப்புங்கள். இந்த வரிகளை எழுதக்கூடியவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்தான். எவ்வளவு படித்த நிபுணர் வந்தாலும் தெருவில் நின்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க மாட்டார். யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்பதைச் சொல்ல விரும்பாத குடும்பங்களை மட்டும் வற்புறுத்த வேண்டாம்.

அமெரிக்கப் படிவத்தைப் பற்றி: அங்கே தேசியப் பூங்காச் சேவை உள்ளூர்க் கணக்கெடுப்புகளுக்கென 1977இல் ஒரு கைநூல் வெளியிட்டது. அதன் ஒழுங்கு நல்லது, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் சட்டத்தைச் சேர்த்து இறக்குமதி செய்யக்கூடாது. அந்நாட்டுத் தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 வருடம் கடந்தவற்றையே எடுப்பார்கள். அப்படி ஏறினாலும், தன் சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றும் தனியாரை மத்திய அரசின் சட்டம் தடுப்பதில்லை. தடுப்பது உள்ளூர் நகரசபைகளின் விதி. நம் நாட்டில் வர்த்தமானி அறிவிப்பு அதைவிட இறுக்கமானது. உறவினரின் அனுபவத்தை வைத்து அயலவர்களுக்கு வாக்குறுதி கொடுத்தால் பொய் சொன்னதாகிவிடும்.

காசுகளும் மண்வெட்டியும்

இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். இனி ஒரு சாண் கூடத் தோண்டக்கூடாது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்கள். கண்டுபிடிக்கப்படாமல் மண்ணுக்குள் கிடப்பவை, காணி யாருடையதாக இருந்தாலும், அரசுக்குச் சொந்தம். தொல்பொருளைத் தேடி அகழ்வதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்செயலாகக் கிடைத்தால் உடனே அறிவிக்க வேண்டும். கான் வெட்டியபோது கிடைத்தது குற்றமில்லை. வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதுதான் சிக்கல். கோயில் நிர்வாகத்தில் பொறுப்பான ஒருவரும் நீங்களுமாகச் சேர்ந்து, கிடைத்த நாள், இடம், ஆழம், யார் எடுத்தார் என்ற விவரத்தோடு திணைக்களத்துக்கு எழுதுங்கள். பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி. காசுகளைப் படம் எடுத்து, கழுவாமல் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பையனைத் திட்ட வேண்டாம். ஆசையில் செய்தது, இப்போது அவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், தோண்டி நிரூபிக்கலாம் என்ற எண்ணமே பிழையானது. ஒல்லாந்தக் காசு ஒன்று கிடைத்தால், அந்த மண் அடுக்கு அந்தக் காசு அடிக்கப்பட்டதற்குப் பிந்தியது என்பது மட்டும்தான் தெரியும். கொழும்பில் பள்ளத்தை நிரப்ப வேறு இடத்து மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டியிருக்கிறார்கள். காசு அந்த மண்ணோடு வந்திருக்கலாம். நீலப் பூப் பீங்கானும் அப்படியே. சீனத்திலிருந்து வந்ததா, ஒல்லாந்தில் செய்ததா, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சுப் பூப்போட்டு வந்ததா என்பதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். எந்தக் காசு எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதிலேதான் வரலாறு இருக்கிறது. மண்வெட்டி அதைக் கலைத்துவிட்டால் எந்தப் பேராசிரியராலும் திரும்பச் சேர்க்க முடியாது.

தோண்டாமலே செய்யக்கூடியது நிறைய உண்டு. தண்ணீர்க் குழாய்க்கும் மின்சாரக் கேபிளுக்கும் ஒழுங்கையை அடிக்கடி வெட்டுகிறார்கள். திறந்த கிடங்கின் பக்கச் சுவரை, அளவுகோல் ஒன்றைச் சாத்திவைத்துப் படம் எடுங்கள். செங்கல் வரிசை, கருகிய அடுக்கு, பழைய கானின் வளைவு எல்லாம் அதில் தெரியும். பொதுக்கிணற்றின் உட்கட்டைப் பதியுங்கள். இவற்றை ஒரு வரைபடத்தில் குறியுங்கள். ஒன்றும் தென்படாத இடத்தை "இங்கே எதுவும் இல்லை" என்று எழுதாமல் "பார்க்கப்படவில்லை" என்று எழுதுங்கள். கான்கிரீட் போட்ட முற்றத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பின்னாளில் அந்த இடத்தில் கட்டடம் எழும்பும்போது "கணக்கெடுப்பிலேயே ஒன்றும் இல்லை என்று சொன்னார்களே" என்று உங்கள் தாளையே உங்களுக்கு எதிராகக் காட்டக்கூடாது. காசு கிடைத்த சரியான இடத்தை முகநூலில் போட வேண்டாம். புதையல் தேடுகிறவர்கள் இரவில் வருவார்கள்.

பயப்படுகிறவர்கள் பக்கம் நியாயம் உண்டு

கேற்றைத் திறக்காதவர்களை "விளக்கமில்லாத சனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களில் பலரின் சொந்த ஊர் வடக்கும் கிழக்கும். தொல்பொருள் என்ற பெயரில் வயலுக்கும் கோயிற் காணிக்கும் எல்லைக் கல் நட்ட செய்தியை உறவினர் வாயால் கேட்டவர்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக வாழும் அந்த மாகாணத்துக்கான செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்த நினைவோடு இருப்பவரிடம் படிவத்தை நீட்டினால் தயங்கத்தான் செய்வார்.

அந்தச் செயலணியிடம் நமக்கு இருந்த முறைப்பாடு, யாருடைய கடந்த காலத்தை யார் எண்ணுகிறார்கள் என்பதுதானே? அதே கேள்வியை உங்கள் பட்டியலிடமும் கேட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் "நம்மவர் வீடுகள்" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்கையில் முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் இருப்பதாகவும், மூலை வீடு ஒரு பறங்கியருடையது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அவர்களை விட்டுவிட்டு எண்ணுவது நியாயமில்லை. உங்கள் குழுவில் அவர்களிலிருந்தும் இரண்டு பேரைச் சேருங்கள். படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

வீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டிய உண்மை இது. கணக்கெடுப்பில் வீடு பதிவதால் சட்டப்படி எந்தக் கட்டுப்பாடும் வராது, அது ஒரு பதிவு மட்டும். வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவித்தால் நிலைமை வேறு. உரிமை வீட்டுக்காரரிடமே இருக்கும், ஆனால் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. காணி சுவீகரிப்பு இவற்றோடு தொடர்பில்லாத வேறொரு நடைமுறை, அதற்கு 1950ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பியிருப்பதால்தான் பயம். அதே நேரம் வர்த்தமானியில் ஏறினால் அரசாங்கம் கூரை வேய்ந்து தரும் என்றும் யாருக்கும் நம்பிக்கை ஊட்டாதீர்கள். பழைய கூரையின் செலவு வீட்டுக்காரரின் தலையிலேயே இருக்கும்.

குடியிருப்பவரும் உரிமையாளரும் வேறு வேறாக இருக்கும் வீடுகள் உங்கள் பக்கம் அதிகம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் வீட்டு உச்சவரம்புச் சட்டமும் வந்த பிறகு, யார் சொந்தக்காரர் என்பதே வழக்கில் கிடக்கும் வளவுகள் இருக்கின்றன. உள்ளே போகக் குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். அவருக்கும் சொந்தக்காரருக்கும் பிணக்கு இருந்தால் உங்கள் பதிவு ஒரு பக்கத்துச் சாட்சியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் உரிமை பற்றிய பகுதியே வேண்டாம். உறுதியை அவர்களாகக் காட்டினால் ஆண்டையும் எல்லையையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுக்காதீர்கள்.

பதிவை எங்கே கொண்டுபோவது

1815 மார்ச் 2க்குப் பிந்திய கட்டடத்தைத் தொல்பொருட்கள் சட்டத்தில் கொண்டுவர வர்த்தமானி அறிவிப்புத் தேவை. நாற்பது வீட்டுக்கும் அதைக் கேட்பது நடக்காது, நடந்தாலும் நான் விரும்பமாட்டேன். பல்பு மாற்றுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க வேண்டிய ஒழுங்கையில் இளம் குடும்பங்கள் தங்கமாட்டா. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமையானது. கட்டடங்கள் பிழைத்தன, ஆனால் விலை ஏறி, வெளியார் வாங்கி, பழைய குடும்பங்களில் பல வெளியேறின. உங்கள் நோக்கம் அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கொழும்பில் தினமும் தீர்மானம் நடக்கும் இடம் நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும்தான். இடிப்பதற்கும் கட்டுவதற்கும் அனுமதி அங்கேயே கேட்கப்படுகிறது. பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியல் நகரின் அபிவிருத்தித் திட்டத்தோடும் சேர்ந்திருக்கும். உங்கள் ஒழுங்கையில் ஏதாவது ஏற்கெனவே அதில் இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லையென்றால், முழுப் பதிவையும் சேர்த்து, தொகுதியாகவே அந்த ஒழுங்கையின் உயரமும் தெரு வரிசையும் கவனிக்கப்பட வேண்டும் என்று சமர்ப்பியுங்கள். திட்டத்தைத் திருத்தும் காலம் வரும்போது மேசையில் இருக்கும் தாள்தான் எண்ணப்படும். ஒப்பந்தம் கையெழுத்தானபின் வரும் ஊர்வலத்தை யாரும் எண்ணுவதில்லை.

தனியாக வர்த்தமானிக்குப் போகத் தகுந்தது என்று எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அச்சுக்கூடம். இயந்திரமும் எழுத்துப் பெட்டிகளும் உள்ளேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அதையும் கேட்க வேண்டாம்.

பதிவை எழுதும் முன் ஆவணங்களைத் தேட வேண்டும். ரீட் அவெனியூவில் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய டைரக்டரிகளும் வரைபடங்களும் உண்டு. தோம்புகள் எனப்படும் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடுகளும் அங்கேதான். நில அளவைத் திணைக்களத்தின் பழைய நகரப் படங்களில் வீட்டுப் புள்ளிகள் தெரியும். ஆண்டு வாரியாக நாலைந்து படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலே எந்த வீடு எப்போது முளைத்தது என்று பாதி தெரிந்துவிடும். களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்பொருளியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் கொழும்பிலேயே இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பாதுகாப்புப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்காக நிரப்பிய நாற்பது படிவங்களோடு போனால் அவர்களும் ஆர்வத்தோடு வருவார்கள். முடித்த பதிவின் பிரதிகளைக் கோயிலிலும் ஒரு பொது நூலகத்திலும் ஒழுங்கைக்கு வெளியே ஒரு வீட்டிலும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்த ஆவணத்துக்கு என்ன நடக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, விலை பேசப்படும் மூன்றாவது வீடு. அந்த ஐயாவைப் பேராசைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எழுபத்தெட்டு வயது, மகள் வெளிநாட்டில், மழைக்கு மூன்று அறை ஒழுகுகிறது என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. விற்பது அவருடைய உரிமை, அதைத் தடுக்க உங்களிடம் சட்டமும் இல்லை. அவரிடம் சண்டைக்குப் போனால் மற்றக் கேற்றுகளும் திறக்காது. நீங்கள் மட்டும் போய், "விற்பதைப் பற்றிப் பேச வரவில்லை, வீட்டைப் பதிந்து வைக்க ஒரு நாள் தாருங்கள்" என்று கேளுங்கள். சம்மதித்தால் அறை அறையாக அளந்து தரைப்படம் வரையுங்கள். கதவு நிலை, சாளரக் கம்பி, தரை ஓடு, கூரை மரப் பொருத்து எல்லாவற்றையும் கிட்டே எடுங்கள். வீட்டைப் பற்றி அவர் சொல்வதை அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். விற்பனை நடந்தால் முகப்புத் தூண்களையும் கதவுகளையும் புதுக் கட்டடத்தில் வைத்துக்கொள்ள வாங்குபவர் சம்மதிப்பாரா என்று அவரைக்கொண்டே கேட்கச் சொல்லலாம். சிலர் சம்மதிப்பார்கள்.

காசு விவகாரத்தை இந்த வாரமே முடியுங்கள். ஐயாவின் வீட்டை அடுத்த ஞாயிறு பாருங்கள். முப்பது மீற்றர் அளவு நாடா ஒன்றும் அதைப் பிடிக்க இரண்டு பேரும் போதும். முகப்பு மேற்குப் பார்த்திருந்தால் வெளிப் படங்களை மட்டும் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.